அக்காவின் இனிஷியல்

விழுப்புரம் சந்திப்பில் இறங்கியதும் பைக்குள் கையை விட்டு, அந்தப் பிளாஸ்டிக் கோப்பு இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்தேன். இருந்தது. ரயிலில் இரண்டு நாளும் அதைத் தலைக்கு வைத்துத்தான் படுத்து வந்தேன். கழுத்து பிடித்துக்கொண்டது. யாரையாவது திரும்பிப் பார்க்க வேண்டுமானால் உடம்போடு சேர்த்துத் திரும்ப வேண்டியிருந்தது.

கோப்பில் மூன்று காகிதங்கள். ஒன்று என் அக்கா அஞ்சலையின் சாதிச் சான்றிதழ் நகல். அதில் ‘ஏழுமலை மகள் அஞ்சலை’ என்று இருக்கும். இரண்டாவது அவளுடைய பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல் நகல். அதில் ‘மு. அஞ்சலை’. மூன்றாவது, அவள் வேலை பார்க்கும் வடநாட்டுப் பல்கலைக்கழகம் அவளுக்கு எழுதிய கடிதம். இரண்டு அஞ்சலையும் ஒரே ஆள்தான் என்று காட்ட, அவள் முதன்முதலில் சேர்ந்த பள்ளியின் பதிவேட்டு நகல் வேண்டும். அது இல்லாவிட்டால் அந்த ‘மு.’ யாரோ, அவர் கையெழுத்துப் போட்ட உறுதிமொழிப் பத்திரம் வேண்டும். வியாழக்கிழமை மாலை ஐந்து மணிக்குள். வெள்ளிக்கிழமை காலை அவளுக்குப் பேராசிரியர் பதவிக்கான நேர்காணல். காகிதம் போய்ச் சேராவிட்டால் நேர்காணல் கிடையாது. அதோடு, இப்போது இருக்கிற வேலையையும் சேர்த்து விசாரிப்பார்கள்.

அக்கா அங்கே அரசமைப்புச் சட்டம் நடத்துகிறாள். இணைப் பேராசிரியர். விடைத்தாள் திருத்தும் முகாமில் உட்கார வைத்துவிட்டதால் அவளால் வர முடியவில்லை. நான் எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவன். போர்வெல் லாரியில் ஏறி, சத்தீஸ்கர், விதர்பா, ஒடிசா என்று பூமியைத் துளைத்துக்கொண்டு திரிகிறேன். போன மாதம் வண்டி பழுதாகி நின்றதால் அவள் வீட்டில் போய்க் கிடந்தேன். வேறு ஆள் இல்லாததால் என்னை அனுப்பினாள். கோப்பைக் கையில் கொடுத்தபோது ஒரு கணம் பிடியை விடவில்லை. நானும் இழுக்கவில்லை.

அந்த ‘மு.’ எங்கள் தாய்மாமன் முனுசாமி. அக்காவை ஒன்றாம் வகுப்பில் சேர்க்க வேண்டிய சமயத்தில் அப்பா, இப்போது அவர் இல்லை, செங்கல் சூளையில் இருந்தார். சூளையில் சீசன் முடியாமல் ஆளை வெளியே விடமாட்டார்கள். மாமாதான் அவளைத் தோளில் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடம் போனார். வாத்தியார் பெயர் கேட்டார். மாமா தன் பெயரைச் சொன்னார். நடந்தது அவ்வளவுதான். தமிழ்நாட்டில் ஒருவரின் இனிஷியலைப் பார்த்து, இது யார் என்று யாரும் கேட்பதில்லை. அந்த எழுத்தோடு அவள் பள்ளி, விடுதி, சட்டக் கல்லூரி, முனைவர் பட்டம் எல்லாவற்றையும் தாண்டிப் போய்விட்டாள். வடக்கே போன முதல் நாளே கேட்டார்களாம், எம் என்றால் மிஸ்ராவா, மெஹ்ராவா என்று. அவள் முனுசாமி என்று விரித்து எழுதிக் கொடுத்தாள். அதுவும் பல வருஷம் ஓடியது. இப்போது பெயர் போடாத மனு ஒன்று போயிருக்கிறது. இந்த அம்மாள் வேறு யாரோ ஒருத்தியின் சாதிச் சான்றிதழில் வேலை பார்க்கிறார் என்று.

விழுப்புரத்தில் சென்னைப் பஸ் ஒன்றில் ஏறினேன். டிக்கெட் கிழிக்கும்போதுதான் நடத்துநர் சொன்னார்.

“திண்டிவனமா? ஊருக்குள்ள போகாதுங்க. பைபாஸ்ல எறக்கி உடுறேன், ஆட்டோ புடிச்சிக்கினு போங்க.”

“ஏறும்போதே சொல்லக் கூடாதுங்களா?”

“நீங்க கேட்டீங்களா? தூங்கிக்கினே ஏர்றீங்க.”

பக்கத்தில் ஒரு அம்மாள் மடியில் கூடையோடு உட்கார்ந்திருந்தார். “அவுரு அப்பிடித்தான். போன வாரம் என்ன மேம்பாலத்து மேலயே எறக்கி உட்டாரு. மூட்டையத் தூக்கிக்கினு ஒத்தையா நின்னேன்” என்றார். கூடையிலிருந்து அவித்த மல்லாட்டை, அதுதான் வேர்க்கடலை, ஒரு பிடி அள்ளிக் கொடுத்தார். ராய்ப்பூரில் வறுத்ததுதான் கிடைக்கும். அவித்தது கேட்டால் உடம்பு சரியில்லையா என்பார்கள். தோலை உரித்துத் தின்னும் நேரம் மட்டும் கோப்பை மறந்திருந்தேன். பிறகு மறுபடி தொட்டுப் பார்த்தேன்.

பைபாஸில் இறங்கி நிற்கும்போது ஒரு போர்வெல் லாரி வடக்கே போயிற்று. பின்னால் நீட்டிக்கொண்டிருந்த குழாய்களின் சத்தம் அடங்குகிற வரைக்கும் நான் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. கழுத்துப் பிடிப்பு அதற்கு உதவியது.

ஆட்டோ கொண்டுபோய் இறக்கிவிட்ட திண்டிவனம் பஸ் நிலையம் எனக்கு ஆகாத இடம். அக்கா இந்தப் பக்கத்தில் ஒரு தனியார் சட்டக் கல்லூரியில் கௌரவ விரிவுரையாளராக இருந்தபோது நடந்தது. ஆறு வருஷம் அப்படி இருந்தாள். மணிக்கணக்குக்குப் பாடம், கோடையில் வேலை இல்லை. ஜூனில் மறுபடி கூப்பிடுவார்களா என்று மே மாதம் முழுக்கச் சரியாகச் சாப்பிடமாட்டாள். அந்த நேரத்தில் அரசுக் கல்லூரியில் நிரந்தர வேலைக்கு ஆள் எடுத்தார்கள். விண்ணப்பத்தைச் சென்னையில் நேரில் கொடுக்க அன்று கடைசி நாள். அவளுக்குத் தேர்வு மேற்பார்வை. உறையை என்னிடம் கொடுத்து அனுப்பினாள். இங்கே டீ குடிக்க இறங்கினேன். ஒரு போர்வெல் லாரிக்காரர் ஆள் தேடிக்கொண்டிருந்தார். சென்னை வழியாகத்தான் போகிறோம், ஏறு என்றார். வண்டி சென்னைக்குள் போகவே இல்லை. உறை ஒடிசாவில்தான் என் பையை விட்டு வெளியே வந்தது.

அடுத்து அந்த வேலைக்கு ஆள் எடுக்கப் பல வருஷம் ஆயிற்று. அதற்குள் அவள் வடக்கே போய்விட்டாள். இதைப் பற்றி ஒரே ஒரு தடவைதான் பேசினாள். “நீ கொண்டு போயி குடுத்திருந்தாலும் கெடைச்சிருக்கும்னு சொல்ல முடியாது” என்றாள். அதற்குப் பதில் அவள் என்னைத் திட்டியிருக்கலாம்.

விடுதியில் அறை எடுத்து உட்கார்ந்ததும் போன் வந்தது.

“டேய் சேகரு, எங்க இருக்குற?”

“திண்டிவனத்துலக்கா.”

“பஸ் ஸ்டாண்ட உட்டு வெளிய வந்துட்டியா?”

“வந்துட்டேன்.”

“சரி. சாப்பிடு.”

சாப்பிடப் போகும் வழியில் அவள் ஆறாம் வகுப்பிலிருந்து தங்கிப் படித்த மாணவியர் விடுதி இருந்த தெருவைக் கடந்தேன். அங்கே இப்போது செல்போன் கடைகள். அந்த விடுதியில் ஒரு அறைக்குப் பதினெட்டுப் பேர். விளக்கு அணைத்த பிறகு படிக்க இடமில்லாமல் குளியலறை வாசலில் உட்கார்ந்து படித்ததாகச் சொல்லியிருக்கிறாள். பரோட்டாக் கடையில் உட்கார்ந்தேன். சால்னாவில் காரம் கண்ணுக்கு ஏறியது. இத்தனை வருஷம் பருப்பும் ரொட்டியும் தின்ற நாக்கு, சொந்த ஊர்ச் சாப்பாட்டுக்குத் தண்ணீர் கேட்டது.

அவள் முனைவர் பட்டத்துக்கு எடுத்துக்கொண்டது, அரசமைப்புச் சட்டத்தில் எதைத் திருத்தலாம், எதைத் திருத்தக் கூடாது என்பது. ஒன்பது வருஷம் எழுதினாள். ஒருமுறை என்னிடம் விளக்கினாள். நாடாளுமன்றம் எவ்வளவோ மாற்றலாமாம், ஆனால் அடிப்படை என்று ஒன்று இருக்கிறதாம், அதில் கை வைக்கக் கூடாதாம். “கேசிங் பைப்ப உருவக் கூடாது, அவ்ளோதான?” என்றேன். போர் போட்ட பிறகு மோட்டாரை மாற்றலாம், கயிற்றை மாற்றலாம். மேலே இறக்கிய இரும்புக் குழாயை உருவினால் மண் சரிந்து கிணறே மூடிக்கொள்ளும். அதற்குப் பிறகு வருஷா வருஷம் வகுப்பில் இந்தக் குழாயைச் சொல்லித்தான் பாடத்தைத் தொடங்குகிறாளாம். என் பெயரைச் சொல்வதில்லை என்று நினைக்கிறேன்.

செவ்வாய்க்கிழமை காலை வல்லம் போய், அங்கிருந்து ஷேர் ஆட்டோவில் எங்கள் ஊர். பள்ளிக்கூடம் பூட்டிக் கிடந்தது. பிள்ளைகள் குறைந்து போய்ப் பக்கத்து ஊர்ப் பள்ளியோடு சேர்த்துவிட்டார்கள். தாழ்வாரத்தில் யாரோ கேப்பை காயப் போட்டிருந்தார்கள். காவலுக்கு இருந்தவர் பதிவேடுகளும் அங்கேதான் போய்விட்டன என்றார். வயல் வரப்பில் அரை மணி நேரம் நடந்தேன்.

தலைமையாசிரியை பெயர் ஸ்டெல்லா. ஐம்பது வயது இருக்கும். ஒரு பக்கம் மூன்றாம் வகுப்பைக் கவனித்துக்கொண்டே கடிதத்தைப் படித்தார்.

“நீங்க அவங்களுக்கு என்னா வேணும்?”

“தம்பிங்க.”

“உங்க பேரு?”

“ஏ. சேகர்.”

“அக்கா மு., தம்பி ஏ.” கண்ணாடியைக் கழற்றினார். “அந்த யுனிவர்சிட்டிக்காரங்க மேல தப்பே இல்லைங்க. எனக்கே டவுட்டாத்தான் இருக்குது.”

இரும்பு பீரோவைத் திறந்து, சேர்க்கைப் பதிவேட்டை இரண்டு கையாலும் தூக்கிவந்து மேசையில் வைத்தார். அட்டையைத் திறந்ததும் மண் கொட்டியது. கரையான். முதல் பதினைந்து தாளும் இடியாப்பம் மாதிரி இருந்தன. அக்காவின் சேர்க்கை எண் நாற்பத்தொன்று என்று அவளுடைய பழைய மாற்றுச் சான்றிதழ் நகலில் இருந்தது. அது போனில் இருந்தது. நாற்பத்தொன்று இருக்க வேண்டிய தாளில் பாதிக் கைரேகை ஒன்று மட்டும் மிச்சம். யாருடையது என்று கடவுளுக்குத்தான் தெரியும்.

“எழுதித் தர முடியாதுங்களா டீச்சர்?”

“எதப் பாத்து எழுதறது? நாளைக்கு என்ன வந்து கேப்பாங்க, ஒரிஜினல் எங்கன்னு. இந்தக் கரையானக் காட்டவா?” பிறகு குரலை இறக்கினார். “அந்த முனுசாமி உசுரோட இருக்கறாரா?”

“கண்டாச்சிபுரத்துல இருக்கறாருங்க.”

“அப்பறம் எதுக்கு இங்க நின்னுக்கினு இருக்கீங்க? ஜல்தி போயி கையெழுத்து வாங்குங்க. மொதல்ல சாப்பிடுங்க, மூஞ்சி சுண்டிக் கெடக்குது.” தன் டப்பாவிலிருந்து எலுமிச்சைச் சோற்றில் பாதியை மூடியில் வைத்துக் கொடுத்தார். நின்றுகொண்டே தின்றேன்.

புதன்கிழமை விழுப்புரத்தில் நீதிமன்றத்துப் பக்கம் பத்திரம் டைப் அடித்துக்கொண்டு கண்டாச்சிபுரம் பஸ் பிடித்தேன். பாதி வழியில் பஸ் நின்றுவிட்டது. ஓட்டுநர் இறங்கி அடியில் குனிந்து பார்த்தார். எங்களையும் இறங்கச் சொன்னார். பத்துப் பேர் தள்ளினோம். கழுத்து ஒரு பக்கம், பஸ் ஒரு பக்கம். “அண்ணன் ரோட்டப் பாக்காம கரும்பப் பாத்துக்கினே தள்றாரு” என்று பின்னால் ஒருவன் சொல்ல, எல்லாரும் சிரித்தார்கள். நான் மணியைப் பார்த்தேன். ஒரு முழு நாளும் இன்னொரு நாளில் பாதியும் இருந்தன.

மாமா சந்தைக்குப் பக்கத்தில் தள்ளுவண்டியில் கேப்பைக் கூழ் விற்கிறார். அத்தை இறந்து வருஷங்கள் ஆகின்றன. பிள்ளைகள் இல்லை.

“வாடா மாப்ள. எத்தினி வருசம் ஆச்சு. என்னா, மூஞ்ச ஒரு பக்கமா வச்சிக்கினு வர்ற?”

“கழுத்து புடிச்சிக்கிச்சு மாமா.”

செம்பு நிறையக் கூழும் மோர் மிளகாயும் கொடுத்தார். குடித்துக்கொண்டே விஷயத்தைச் சொன்னேன். அவர் கரண்டியை நிறுத்திவிட்டார்.

“அப்ப நா பொய் சொன்னேன்னு கேசு போடுவாங்களா?”

“அதெல்லாம் இல்ல மாமா.”

“நா பொய்யே சொல்லலடா. அப்பன் பேரு என்னான்னு அவுரு கேக்கல. என்னப் பாத்து, பேரச் சொல்லுய்யான்னாரு. எம் பேரச் சொன்னேன். உன் பேரு என்னான்னு கேட்டா நீ உங்கப்பன் பேரையா சொல்லுவ?”

கூழ் குடிக்க வந்த ஒருவர், “சட்டம் படிச்சது உம் மருமவளா, நீயா?” என்றார். மாமா சிரிக்கவில்லை. பத்திரத்தைப் படித்துக் காட்டச் சொன்னார். படித்தேன். ‘எனது பெயரின் முதல் எழுத்து தவறுதலாகச் சேர்க்கப்பட்டது’ என்ற இடத்தில் கையைத் தூக்கினார்.

“தவறுதலான்னா?”

“தப்பா சேந்துடுச்சின்னு அர்த்தம்.”

“தப்புன்னா எடுத்துடுவாங்க இல்ல?”

இல்லை என்று சொல்லியிருக்கலாம். “அப்பறமா அக்கா மாத்திக்கும்னு நெனைக்கிறேன் மாமா.”

அவர் பேனாவை மூடி என் சட்டைப் பையிலேயே செருகினார். அடுத்த ஆளுக்குக் கூழ் ஊற்றினார்.

“எனக்குப் புள்ள குட்டி இல்ல. இந்தச் சந்தையில எல்லாங்கிட்டயும் சொல்லி வச்சிருக்கறேன், வடக்க ஒரு காலேஜில ரூம்பு வாசல்ல எம் பேரோட மொத எழுத்த எழுதி வச்சிருக்காங்கன்னு. நீ அத வெட்டிக்கினு போவ வந்திருக்கிற.”

“வேலையே போயிடும் மாமா.”

“நீ சொன்னா நா நம்பணுமா? அவ பேப்பர ஒடிசாவுக்கு எடுத்துக்கினு போனவன் நீ.”

கூழ் குடித்துக்கொண்டிருந்தவர்கள் என்னைப் பார்த்தார்கள். நான் செம்பைப் பார்த்தேன்.

“உங்கப்பனே வாணாம்னுட்டான். நீ யாருடா வெட்டறதுக்கு?” என்றார் மாமா.

“அப்பா எப்ப சொன்னாரு?”

“உன்னச் சேக்க வந்தப்ப. அந்த வருசம் அவனே வந்தான், நானும் கூடப் போனேன். உனக்கு ஏழுமலன்னு சொன்னான். வாத்தியாரு கண்ணாடிய எறக்கிக்கினு, அக்காளுக்கு வேற பேரா இருக்குதே, மாத்திடவான்னாரு. இருக்கட்டும் சார், அவன்தான தூக்கிக்கினு வந்தான், அவன் பேரே இருக்கட்டும்னான். வாத்தியாரு என்னமோ எழுதிக்கினாரு.”

“எதுல எழுதனாரு?”

“அதே நோட்லதான். உம் பேருக்குப் பக்கத்துல.”

எழுந்த வேகத்தில் செம்பு கவிழ்ந்தது. என்னுடைய பெயர். நான் அக்காவுக்கு மூன்று வருஷம் பின்னால் சேர்ந்தவன். நேற்று நானும் டீச்சரும் இடியாப்பமான தாள்களைத்தான் புரட்டினோம். அதற்குப் பிறகு நல்ல தாள்கள் இருந்தன. என் பெயரைத் தேட வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை.

டீச்சருக்குப் போன் செய்தேன். “நாளைக்குக் காலையில எனக்கு வல்லத்துல மீட்டிங்குங்க. ரெண்டு மணிக்கு மேல வாங்க. சாவி எங்கிட்டத்தான் இருக்குது” என்றார். இரண்டு மணி. மாலை ஐந்துக்கு மூன்று மணி நேரம். கையெழுத்தில்லாத பத்திரத்தை மடித்துக் கோப்பில் வைத்தேன். மாமா என்னைப் பார்க்காமல், “கழுத்துக்கு நல்லெண்ண சூடு பண்ணிப் போடு” என்றார்.

வியாழக்கிழமை பன்னிரண்டு மணிக்கே பள்ளிக்கூட வாசலில் போய் உட்கார்ந்துவிட்டேன். பிள்ளைகள் சத்துணவு முட்டையை உரித்துக்கொண்டே என்னை வேடிக்கை பார்த்தன. அக்கா ஒரு மணிக்கு அழைத்தாள், ஒன்றரைக்கு அழைத்தாள். கரையான் ஒரு நாளில் எத்தனை தாள் தின்னும் என்று நான் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன்.

டீச்சர் வந்தபோது இரண்டே முக்கால். ஸ்கூட்டரை நிறுத்தியதும் என்னிடம் பேசாமல் நேராக பீரோவுக்குப் போனார். தாள்களை ஒவ்வொன்றாகத் திருப்பினார். ஓரம் மட்டும் அரிக்கப்பட்ட ஒரு தாளில் விரல் நின்றது.

“சேகர். தகப்பனார் ஏழுமலை. நீங்கதானே?”

நான்தான். குறிப்பு என்ற கட்டத்தில், நீல மையில், பொடி எழுத்தில் இருந்ததை டீச்சர் வாய்விட்டுப் படித்தார்.

‘இவன் தமக்கை அஞ்சலை, சேர்க்கை எண் 41. அதில் உள்ளது தாய்மாமன் பெயர். தந்தை ஏழுமலை நேரில் வந்து, திருத்த வேண்டாம் எனக் கூறினார்.’

அதன் கீழே பழைய தலைமையாசிரியரின் கையெழுத்தும், பக்கத்தில் அப்பாவின் கைரேகையும் இருந்தன. டீச்சர் இன்னொரு முறை மனதுக்குள் படித்தார். “இப்பிடி ஒரு மனுசன் எழுதி வச்சிட்டுப் போயிருக்காரு பாருங்க” என்றார். பிறகு வேகம் வந்தது. வெள்ளைத் தாளில் அந்த வரியை அப்படியே எழுதி, உண்மை நகல் என்று போட்டுக் கையெழுத்திட்டார். முத்திரைப் பஞ்சு காய்ந்து கிடந்தது. தண்ணீர் பாட்டிலிலிருந்து நாலு சொட்டு விட்டுத் தேய்த்தார். முதல் முத்திரை பாதிதான் விழுந்தது. இரண்டாவது முழுதாக விழுந்தது. “ஆட்டோவுக்கெல்லாம் நிக்காதீங்க. ஏறுங்க பின்னால.”

வல்லம் வரைக்கும் ஸ்கூட்டரில் கொண்டுவந்து விட்டார். திண்டிவனம் பஸ் நிலையத்துக்கு வந்தபோது நாலு இருபத்தைந்து. எதிரே ஜெராக்ஸ் கடை. உள்ளே போனால் இருட்டு.

“கரெண்ட் இல்லைங்க. அஞ்சரைக்குத்தான் வரும்” என்றார் கடைக்காரப் பெண். என் முகத்தைப் பார்த்தார். “என்னா, அவ்ளோ அர்ஜெண்டா?”

சொன்னேன். அவர் தாளை வாங்கிக்கொண்டு தெருவுக்கு வந்தார். கடையின் தட்டி மேல் வைத்து, நாலு மூலையிலும் நாலு பேனாவை வைத்து, வெயிலில் தன் போனால் படம் எடுத்தார். ஒரு பஸ் வந்து நின்று நிழல் விழுந்தது. நான் ஓட்டுநரைக் கையெடுத்துக் கும்பிட்டேன். அவர் என்னைப் பைத்தியம் என்று நினைத்து வண்டியை முன்னால் எடுத்தார். படத்தைக் கோப்பாக்கி அக்காவுக்கு அனுப்பியபோது நாலு நாற்பத்தெட்டு.

அந்த நேரத்தில் என் போன் அடித்தது. லாரி மேஸ்திரி. “வண்டி ரெடியாயிடுச்சு. நம்ம இன்னொரு வண்டி அந்தப் பக்கமாத்தான் வருது, திண்டிவனத்துலயே ஏறிக்கிறியா?” என்றார். இந்த பஸ் நிலையத்துக்கு என்மேல் ஏதோ பகை இருக்கிறது. நாளைக்குச் சொல்கிறேன் என்று வைத்தேன்.

ஐந்து பத்துக்கு அக்கா அழைத்தாள்.

“வந்துச்சாக்கா?”

“வந்துச்சு. ஆபீசுக்கு அனுப்பிட்டேன். கெடைச்சுதுன்னு பதில் வந்துடுச்சு. நாளைக்கு வரச் சொல்லிட்டாங்க.” பிறகு கேட்டாள், “அந்த வரிய நீ படிச்சியாடா?”

“படிச்சேன்.”

“இனிஷியல மாத்தறதுக்கு ஃபாரம் எல்லாம் எழுதி வச்சிருக்கறேன். இண்டர்வியூ முடிஞ்சதும் அனுப்பிடலாம்னு.”

“அனுப்பப் போறியா?”

“மாமா என்னா சொன்னாரு?” என்றாள். கூழ், பேனா, சந்தை, கல்லூரி வாசல் எல்லாவற்றையும் சொன்னேன். ஒடிசாவைப் பற்றி அவர் சொன்னதையும் விடவில்லை.

“வாசல்ல இங்கிலீஷ்ல எம்முன்னுதான போட்டிருக்குது” என்றாள். பிறகு, “ஒரிஜினல நீயே எடுத்துக்கினு வந்துடு” என்றாள்.

“என் பையில வாணாம்க்கா. போஸ்ட்ல அனுப்பறேன்.”

நாலு நாளில் முதல் தடவையாக அவள் சிரித்தாள்.

மாமாவுக்கும் போன் போட்டேன். எடுத்ததும், “வெட்டிட்டாங்களா?” என்றார்.

“இல்ல மாமா. அப்பா சொன்னது நோட்ல இருக்குது. தாய்மாமன்னு போட்டிருக்குது.”

“தாய்மாமன்னே போட்டிருக்குதா?” சந்தை இரைச்சல் கேட்டது. யாரிடமோ அதைத் திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்தார். என்னை மறந்துவிட்டார்.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு அஞ்சலகம் போனேன். அதே நேரத்தில் வடக்கே அக்கா ஐந்து பேர் முன்னால் உட்கார்ந்திருப்பாள். பதவி கிடைத்ததா என்று தெரிய இன்னும் சில வாரம் ஆகும். பயம் அப்படியேதான் இருந்தது, ஆனால் இது அவளிடம் கேட்கப்போகும் கேள்விகளைப் பற்றிய பயம், என் பையைப் பற்றியது இல்லை. டீச்சர் எழுதித் தந்த நகலை மடிக்காமல் பெரிய உறையில் வைத்து நானே ஒட்டினேன். அனுப்புநர்: ஏ. சேகர். பெறுநர்: முனைவர் மு. அஞ்சலை, அரசமைப்புச் சட்டத் துறை. தமிழிலும், கீழே எனக்குத் தெரிந்த ஆங்கிலத்திலும் எழுதினேன்.

கண்ணாடிக்குப் பின்னால் இருந்த அம்மாள் உறையைத் தராசில் வைத்தார்.

“யாருங்க இவங்க, பெரிய படிப்பு படிச்சவங்களா இருக்குது?”

“கூடப் பொறந்த அக்காங்க.”

அவர் உறையில் மேலே ஒருமுறை பார்த்தார், கீழே ஒருமுறை பார்த்தார்.

“இனிஷியல் தப்பாப் போட்டிருக்கீங்களே. உங்களுது ஏ, அவங்களுது மு. வடக்க போறது, திரும்பி வந்துடப் போகுது.” பேனாவை எடுத்து மூடியைத் திறந்தார். “நானே திருத்திடட்டுங்களா?”

“வாணாங்க” என்றேன். “திருத்த வாணாம்.”